சோற்றுக்கை நாடி

குளிர் என்று சொன்னது நான்தான். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நான் எழுதுவதை முதலில் வாசிக்கப்போவது என் வீட்டுக்காரி. பின்னால் தள்ளி எழுதினால் மழுப்பிவிட்டேன் என்பாள்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சிலமலையில் பிறந்து, பதினைந்து வயதில் குரங்கணியிலிருந்து மலைக்குத் தலைச்சுமையாக அரிசி ஏற்றினேன், இறங்கும்போது ஏலக்காய் மூட்டை இறக்கினேன். முப்பத்தைந்து வயதுக்குள் போடிமெட்டுக்கு அந்தப்பக்கம் பன்னிரண்டு ஏக்கர் ஏலத்தோட்டம் என் பெயரில் இருந்தது. ஒருத்தரும் கை தூக்கிவிடவில்லை. போடிக் கடைவீதியில் என் தோட்டத்துச் சாக்கு என்றால் பாதி அவிழ்க்கும்போதே விலை பேச ஆரம்பிப்பார்கள். எல்லாம் நிறத்துக்காக. என் காய் பச்சை என்றால் கிளிப்பச்சை. ஒரு காயை உள்ளங்கையில் போட்டுக் காட்டினால் அது எவ்வளவு நேரம் சூட்டில் இருந்தது, நடுவில் எவன் தூங்கி நெருப்பை அணையவிட்டான் என்பதுவரை சொல்லிவிடுவேன். இதில் என்னை மிஞ்சியவன் அந்த மலையில் அன்றைக்கு இல்லை. இன்றைக்கும் இருக்கிறானா என்று தெரியாது.

ஏலக்காய் உலர்த்துகிற கட்டடத்தை மலையில் ஸ்டோர் என்போம். அடுப்பு வெளியே இருக்கும். அதிலிருந்து தகரக் குழாய் அறைக்குள் வந்து சுற்றிப் போகும். சூடு அறைக்குள் தங்கவேண்டும், புகை மட்டும் புகைபோக்கி வழியாக வெளியே போய்விட வேண்டும். ஒரு நூல் புகை காயில் பட்டாலும் பச்சை செத்துப்போகும். பருவ காலத்தில் அந்த அடுப்பு அணைவதே இல்லை.

எங்களுக்கு முதல் இரண்டும் பையன்கள். மூன்றாவது பெண். எழுபதுகளின் கடைசியில் போடியில் பிறந்தாள். பிறந்தபோது ஒரு குறையும் கண்ணுக்குத் தெரியவில்லை. நான்காம் மாதம், காய் எடுக்கிற பருவம் என்பதால், எல்லோரும் மலைக்கு ஏறினோம். சாரல் விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஏறிய இரண்டாம் நாள் என் வீட்டுக்காரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கே வந்துவிட்டாள்.

"ஏங்க, இந்தப் புள்ள ஒதட்டப் பாருங்க. அழுதா நாவப்பழம் தின்ன மாதிரி ஆகுது."

"மலைக் குளிரு. கீழ பொறந்த புள்ள. நாலு நாள்ல பழகிக்கிரும்."

"நம்ம பயலுகளுந்தான் கீழ பொறந்தாய்ங்க."

"அவய்ங்க ஆம்பளப் பயலுக."

"குளிருக்கு ஆம்பள பொம்பள தெரியுமாக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஆனால் அவள் சொன்னது மனதில் ஒட்டிக்கொண்டது. அடுத்து அழுதபோது நானே பார்த்தேன். உதடு, நகம் எல்லாம் கருநீலம். எனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தேன். ஸ்டோர்ச் சுவரை ஒட்டி, சாக்கு தைக்கிற சின்ன அறை ஒன்று உண்டு. மறுபக்கம் அடுப்புச் சூடு ஓடுவதால் அந்தச் சுவர் எப்போதும் கதகதவென்று இருக்கும். மழையில் நனைந்த வேலையாட்களின் பிள்ளைகள், சளி கட்டிய பிள்ளைகள் எல்லாம் அங்கே படுத்துத்தான் தேறியிருக்கின்றன. ஏலத்தோட்டக்காரனுக்கு எந்த ஈரத்துக்கும் எந்தக் குளிருக்கும் மருந்து சூடு ஒன்றுதான். பலகை போட்டு, கம்பளி விரித்து, இன்னொரு கம்பளியைச் சுற்றி, என் மகளை அந்தச் சுவரோரம் படுக்கவைத்தேன்.

என் வீட்டுக்காரிக்கு அது பிடிக்கவில்லை. "தொட்டிலைக் கட்டிக் குடுங்க, அதுலதான் இது நல்லாருக்கு" என்றாள். எங்கள் பக்கத்துத் தொட்டில் சேலையில் கட்டுவது. பிள்ளையைப் போட்டால் உடம்பு வில்லாக வளைந்து முழங்கால் வயிற்றில் முட்டும். பாயில் நீட்டிப் படுக்கவைத்தால் சிணுங்குகிற பிள்ளை, தொட்டிலில் சுருண்டால் அமைதியாகிவிடும் என்பதை அவள் கீழே இருக்கும்போதே கண்டுவைத்திருந்தாள். நான், "மடியும் தொட்டிலும் காட்டி நீதான் பழக்கிக் கெடுக்கிற" என்றேன்.

அப்படிப் படுக்கவைத்த மூன்றாம் நாள் மத்தியானம். தட்டுகளில் காய் பரப்பிக்கொண்டிருந்தேன். அந்த அறையிலிருந்து பிள்ளை அழுகிற சத்தம் வந்தது. சத்தம் பெரிதாகி, பிறகு மூச்சு இழுக்கிற சத்தமாகி, பிறகு ஒன்றுமில்லாமல் போயிற்று. உள்ளே ஓடினேன். பிள்ளை வேர்த்து நனைந்து கிடந்தது. முகம் நீலம் இல்லை, கறுப்பு. கை கால் துவண்டு தொங்கின. நான் தொடவும் பயந்து நின்றேன்.

அவள் எனக்குப் பின்னால் வந்தாள். கம்பளியை உதறி எறிந்தாள். பிள்ளையை அள்ளிக்கொண்டு வெளியே போனாள்.

"மழைல எங்க கொண்டு போற" என்று கத்தினேன். அவள் காதில் வாங்கவில்லை. கூரைச் சரிவுக்குக் கீழே குத்தவைத்து உட்கார்ந்து, பிள்ளையின் இரண்டு காலையும் மடக்கி, முழங்கால் நெஞ்சில் இடிக்கிற மாதிரி தன் மாரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அப்படியே இருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. முதலில் பிள்ளை ஒரு மூச்சு இழுத்தது. பிறகு இன்னொன்று. கறுப்பு மெல்ல மெல்ல நீலமாகி, நீலம் மெல்ல வெளுத்தது.

"என்னடி செஞ்ச?"

"ஒண்ணும் செய்யல. மடக்கிப் பிடிச்சேன். ஜீப்பக் கொண்டாரச் சொல்லுங்க வெரசா."

ஜீப்பில் லோடு ஏற்றிக் கட்டியிருந்தது. அவிழ்த்து மழையில் இறக்கச் சொன்னேன். போடி போய்ச் சேருகிறவரை அவள் பிள்ளையின் காலை விரிக்கவே இல்லை.

போடியில் எங்கள் வீட்டுக்குப் பார்க்கிற டாக்டர் வயதானவர். குழாயை நெஞ்சில் வைத்தவர் எடுக்கவில்லை. முதுகில் வைத்தார், மறுபடி நெஞ்சில் வைத்தார், கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"என்னய்யா, பிள்ளைய எங்க வச்சிருந்த?"

"ஸ்டோர்ச் சுவத்தோரம் சார். கதகதன்னு இருக்கும். குளிர்ல நீலம் பூத்துருச்சுன்னு..."

"நீ நாக்கப் பாத்தியா?"

"இல்ல சார்."

பிள்ளையின் தாடையை ஒரு விரலால் இறக்கிக் காட்டினார். நாக்கு நீலமாக இருந்தது. "குளிர்ல ஒதடு நீலமாகும், நகம் நீலமாகும். நாக்கு ஆகாது. வாய்க்குள்ள ஏதுய்யா குளிரு? இது நெஞ்சுல இருந்து வர்ற நீலம். சூட்டுல வச்சு வேக்க விட்டா ஒடம்புல தண்ணி வத்தி இன்னும் கூடத்தான் செய்யும். கூடிருச்சு."

என்னிடம் ஏலக்காய் விற்க வருகிறவனை, அவன் காயை உடைத்து உள்ளே விதையைப் பார்க்காமல் நான் விட்டதே கிடையாது. தோல் பச்சையாக இருந்தால் மட்டும் போதாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். என் சொந்தப் பிள்ளையின் வாயைத் திறந்து பார்க்கவில்லை.

அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. டாக்டரிடம், "அவரு நல்லதுக்குத்தான் வச்சாரு சார்" என்றாள்.

"நல்லதுக்குத்தான். நான் வேற என்ன சொன்னேன்" என்று டாக்டர் கடிதம் எழுத ஆரம்பித்தார்.

அந்தக் கடிதத்தோடு ரயிலில் மதுரை போனோம். அங்கே எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்கள். பிள்ளையின் நெஞ்சுக்குள் பட்டாளத்துக்காரன் பூட்ஸ் ஒன்றை வைத்த மாதிரி இருந்தது. அதுதான் இருதயம் என்றார்கள். பிறவியிலேயே அப்படி, இதற்கு மெட்ராஸ்தான் போகவேண்டும் என்றார்கள். அவளுடைய அண்ணன், என் மச்சினர், துணைக்கு வந்தார். அலைந்து இடம் கிடைக்க மூன்று மாதம் ஆகிவிட்டது. மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் தொடை வழியாக நரம்பு மாதிரி ஒரு குழாயை இருதயம்வரை விட்டு, மருந்து செலுத்திப் படம் எடுத்தார்கள். ஏழு மாதப் பிள்ளை. என் முழங்கை நீளம்கூட இல்லை. அதற்குள் இவ்வளவு வழி இருக்கிறதா என்று எனக்கு ஒரே மலைப்பு.

அறுவை செய்கிற டாக்டர் என்னைவிடச் சின்ன வயது. மெலிந்த ஆள். ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டார்.

"இருதயத்துல நாலு அறை. ஒடம்பு முழுக்கச் சுத்திட்டு வர்ற கெட்ட ரத்தம் வலது பக்கம் வரும். அங்கேருந்து நுரையீரலுக்குப் போய்க் காத்து வாங்கிச் செவப்பாகி, இடது பக்கம் வந்து, மறுபடி ஒடம்புக்குப் போகும். ஒங்க பிள்ளைக்கு நுரையீரலுக்குப் போற வாசல் குறுகலா இருக்கு. போதாததுக்கு, கீழ ரெண்டு அறைக்கும் நடுவுல சுவத்துல ஒரு ஓட்டை."

அவர் மேற்கொண்டு சொல்லப்போனார். நான் குறுக்கிட்டேன். "சார், புகைபோக்கி அடைச்சுக்கிட்டு, சுவத்துலயும் கீறல் இருந்தா, புகை வெளிய போகாம காய் அறைக்குள்ள வந்துரும். காய் கறுத்துரும். அதான?"

பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "என்ன தொழில் பாக்குறீங்க?"

"ஏலம் சார்."

"அதேதான். கெட்ட ரத்தம் ஓட்டை வழியா நல்ல ரத்தத்துல கலந்து ஒடம்புக்குப் போகுது. அதான் நீலம்." பக்கத்தில் நின்ற நர்ஸிடம், இவ்வளவு சீக்கிரம் ஒருத்தரும் புரிந்துகொண்டதில்லை என்றார். இதை நான் கூட்டிச் சொல்லவில்லை. மச்சினரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"அப்ப ஓட்டைய அடச்சு, புகைபோக்கியக் குத்தி விட்ரலாம்ல சார்?"

"ஒங்க எடத்துலன்னா அடுப்ப அணச்சிட்டு உள்ள போவீங்க. இத அணைக்கணும்னா வேலை முடியுறவரைக்கும் ஒரு மெஷின் ரத்தத்த ஓட்டணும். இவ்வளவு சின்ன ஒடம்பு அதத் தாங்காது. பிள்ளை வளரட்டும், ஆறு ஏழு வயசுல அதச் செய்வோம். அதுவரைக்கும் உயிரோட இருக்க வேற ஒரு வழி செய்யணும். அடுப்பு எரிஞ்சுக்கிட்டே இருக்கும்போது செய்யணும்."

அந்த வழியைச் சொன்னார். கைக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாயைத் தோளுக்குப் பக்கத்தில் வெட்டி, கீழே வளைத்து, நுரையீரலுக்குப் போகிற குழாயில் தைத்துவிடுவார்களாம். கைக்குப் போகவேண்டிய ரத்தம் நுரையீரலுக்குப் போய்க் காற்று வாங்கிக்கொள்ளும். "என்ன கனம் சார் அந்தக் குழாய்?" என்று கேட்டேன். "கொத்தமல்லித் தண்டு கனம்" என்றார். அதைத் தலைமுடியைவிட மெல்லிய நூலால், தண்ணீர் கசியாத மாதிரி சுற்றித் தைக்கவேண்டும். நான் அவர் விரல்களைப் பார்த்தேன். சாதாரண விரல்கள்தான்.

"எந்தக் கை சார்?"

"வலது கை."

நான்தான் ஆரம்பித்தேன். விலை பேசிப் பழகிய வாய். "சார், அது சோத்துக்கை. எடதுல எடுத்துக்கங்களேன்."

"பொம்பளப் புள்ள சார்" என்றார் மச்சினர். "நாளைக்கு நாலு பேருக்குப் பரிமாறணும். எடது கையால குடுத்தா எவன் வாங்குவான்?"

டாக்டர் கோபப்படவில்லை. தாளைத் திருப்பி மறுபடி வரைந்தார். இருதயத்திலிருந்து கிளம்புகிற பெரிய குழாய் இடது பக்கமாக வளைந்து போகிறது. அந்தப் பக்கத்துக் கைக்குழாயைக் கீழே இழுத்தால் ரப்பர் குழாய் மாதிரி மடங்கி அடைத்துக்கொள்ளும். வலது பக்கம் என்றால் மடங்காமல் வழிந்து இறங்கும். "எனக்கு ரெண்டு கையும் ஒண்ணுதான். ரத்தத்துக்கு ஒண்ணு இல்ல."

"அப்ப அந்தக் கை செத்துருமா சார்?"

"சாகாது. தோளைச் சுத்திச் சின்னச் சின்னக் குழாய் நெறைய இருக்கு. பெரிய வழி அடைபட்டதும் அதுகளா விரிஞ்சு கைக்கு ரத்தம் கொண்டு போகும். கொஞ்சம் மெலிவா இருக்கும், அவ்வளவுதான்."

"அதுகள யாரு விரிச்சு விடுவா?"

"யாரும் இல்ல. அதுவா விரியும்."

ஒரு வாய்க்கால் வெட்டுவதற்கு எத்தனை ஆள், எத்தனை நாள், எத்தனை சண்டை என்று எனக்குத் தெரியும். ஏழு மாதப் பிள்ளையின் தோளுக்குள் ஆள் இல்லாமல், மண்வெட்டி இல்லாமல் வாய்க்கால் தானாகத் திறக்கும் என்கிறார். நம்பவும் முடியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. ஆனாலும் சம்மதத் தாளில் கையெழுத்துப் போடாமல் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என் வீட்டுக்காரி பிள்ளையை வழக்கம்போலக் காலை மடக்கி நெஞ்சோடு வைத்திருந்தாள்.

"சோத்த நான் ஊட்டி விட்ருவேங்க. மூச்ச நான் ஊட்ட முடியாதுல்ல. போடுங்க கையெழுத்த."

போட்டேன்.

அப்போதுதான் டாக்டர் அவள் பிள்ளையைப் பிடித்திருந்த விதத்தைக் கவனித்தார். "இப்படிப் பிடிக்க யாரும்மா சொல்லிக் குடுத்தது?"

"யாரும் சொல்லல சார். இப்படி வச்சா அதுக்கு நிம்மதியா இருந்துச்சு."

வெளியே போய் நான்கைந்து இளம் டாக்டர்களைக் கூட்டிவந்தார். "பாத்துக்கங்க. காலை மடக்கினா கீழ போற ரத்தத்துக்கு வழி இறுகுது. அப்ப ரத்தம் நுரையீரல் பக்கம் தள்ளப்படுது. இந்தப் பிள்ளைங்க நடக்க ஆரம்பிச்சா மூச்சு முட்டும்போது அதுகளே குத்தவச்சு உக்காரும். புத்தகத்துல படிச்சீங்கல்ல? இந்தம்மா படிக்காமக் கண்டுபிடிச்சிருக்காங்க." அவர்கள் எல்லோரும் அவளைச் சுற்றி நின்று பார்த்தார்கள். அவள் கூச்சத்தில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவளைப் பார்த்து, பழக்கிக் கெடுக்கிறாய் என்று சொன்னவன் நான்.

ரத்தம் கொடுக்கவேண்டியிருந்தது. எனக்கும் மச்சினருக்கும் சேர்ந்தது. அவருக்கு ஊசி என்றாலே வியர்க்கும். "மாப்ளே, ஒங்க ரத்தத்தையும் எடுத்தாய்ங்கன்னா புள்ள ஏலக்கா வாடைலதான் வளரும்" என்று சொல்லிக்கொண்டே கண்ணை இறுக மூடிக் கையை நீட்டினார்.

காலையில் பிள்ளையை உள்ளே கொண்டுபோனார்கள். மத்தியானம் தாண்டியும் கதவு திறக்கவில்லை. நான் அந்த நீளமான வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தேன். அவள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். மடி காலியாக இருந்தது. ஆனாலும் கை இரண்டும் பிள்ளையை மடக்கிப் பிடித்த மாதிரியே இருந்தன. நான் பார்த்ததும் எடுத்துத் தரையில் ஊன்றிக்கொண்டாள்.

வெளியே வந்தது ஒரு மலையாளத்து நர்ஸ். "பேடிக்கண்டா. மோளுக்குச் சுகமுண்டு" என்றார். மலையில் இருபது வருடம் மலையாளம் கேட்டவன் நான், சட்டென்று புரிந்தது. என் மச்சினருக்குப் புரியாமல், "என்ன மாப்ளே, என்ன மாப்ளே" என்று தோளை உலுக்கினார். "பயப்பட வேண்டாமாம், புள்ள நல்லாருக்காம்" என்றேன்.

சாயங்காலம் ஒரு ஆளாக உள்ளே விட்டார்கள். அவள் பார்த்துவிட்டு வந்து, "நீங்க போய்ப் பாருங்க" என்று மட்டும் சொன்னாள். போனேன். நெஞ்சிலும் மூக்கிலும் குழாய். கண் மூடியிருந்தது. நர்ஸ் துணியை விலக்கிக் காட்டினார். உதடு, காது மடல், கால் நகம். நிறத்துக்குப் பெயர் வைப்பதில் நான் கெட்டிக்காரன். ஒரே பச்சையில் ஏழு வகை சொல்வேன். அன்றைக்கு என் முன்னால் இருந்ததற்குச் சொல் கிடைக்கவில்லை. சிவப்பு என்று எழுதினால் குறைவு. உள்ளேயிருந்து விளக்கு வைத்த மாதிரி என்று எழுதினால் மிகை என்பாள் வீட்டுக்காரி. ஏழு மாதம் கழித்து என் பிள்ளையின் உண்மையான நிறத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதுதான் அவள் நிறம். அவ்வளவுதான் எழுத முடிகிறது.

கையைத் தொடலாமா என்று கேட்டேன். தொடலாம் என்றார். வலது கை எனக்குப் பக்கத்தில் இருந்தது. மணிக்கட்டில் விரலை வைத்தேன். ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். ஒன்றும் இல்லை. நர்ஸ் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார். என் விரலை எடுத்துப் பிள்ளையின் இடது மணிக்கட்டில் வைத்தார். அங்கே ஒரு சின்னக் குருவி தத்துகிற மாதிரி படபடவென்று அடித்தது. மறுபடி வலது கையைத் தொட்டேன். நாடி இல்லாத கை. ஆனால் சில்லிட்டிருக்கவில்லை. டாக்டர் சொன்ன அந்த வாய்க்கால்கள் அதற்குள்ளேயே திறக்க ஆரம்பித்திருந்தன போலும். எல்லா வேலையும் சத்தமில்லாமல்.

அதன்பிறகு அவள் தவழ்ந்தாள், நடந்தாள். ஏழு வயதில் மறுபடி மெட்ராஸ் போனோம். இந்த முறை மெஷின் வைத்து, அடுப்பை அணைத்து, சுவர் ஓட்டையை அடைத்து, வாசலையும் விரித்துவிட்டார்கள். கைக்குழாயைத் திருப்பி வைக்க முடியாது. அது போனது போனதுதான். அந்தக் கை மற்றதைவிட ஒரு நூல் மெலிவு. அந்தக் கையால்தான் சாப்பிடுகிறாள், எழுதுகிறாள், அண்ணன்களின் முதுகில் அறைகிறாள்.

இரண்டாவது அறுவை முடிந்து இரண்டு வருடம் இருக்கும். அவளுக்குச் சாதாரணக் காய்ச்சல். எங்கள் பழைய டாக்டர் ஊரில் இல்லை. அவர் இடத்தில் புதிதாகப் படித்துவிட்டு வந்த பையன் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நான் விவரம் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் வலது கையைப் பிடித்து நாடி பார்த்தார். விரலை நகர்த்தினார். மறுபடி நகர்த்தினார். அவள் முகத்தைப் பார்த்தார், எதிரே உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருக்கிற பிள்ளையை. பிறகு என்னைப் பார்த்தார்.

"அதுல இருக்காது சார்" என்றாள் அவள். "அத நான் சின்னப் புள்ளைல மூச்சுக்குக் குடுத்துட்டேன். இதுல பாருங்க." இடது கையை நீட்டினாள்.

அவர் இடது கையில் நாடி பார்த்தார், எண்ணினார், எழுதினார். ஆனால் மற்ற கையை விடவில்லை. திருப்பினார், உள்ளங்கையை அழுத்தி விட்டார், அழுத்திய இடம் வெளுத்து மறுபடி சிவப்பதைப் பார்த்தார். படித்தவர்தான், அவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும். இருந்தாலும் மருந்துச் சீட்டை எழுதி முடித்த பிறகும், வெளியே ஆட்கள் காத்திருக்க, அந்தச் சூடான கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தார். நான் அவசரப்படுத்தவில்லை.